சத்தம் போதாத அறை

சொஹார் துறைமுகம், மூன்றாம் வாயில்.
இரவு இரண்டு நாற்பது.
நுழைவுச்சீட்டு சர்வர் எழவில்லை.

செத்திருந்தால் தேவலை.
சாவுக்கு ஒரு பிழைச்செய்தி உண்டு, வரி எண் உண்டு.
இது பாதி எழுந்து உட்கார்ந்து
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
லாகில் கடைசி வரி: 'தொடங்குகிறது'.
அதன் கீழே கர்சர்
இருபத்திரண்டு நிமிடமாகக் கண்சிமிட்டுகிறது.

வெளியே அறுபது லாரிகள், என்ஜினை அணைக்காமல்.
ஏசியை நிறுத்தினால் வண்டிக்குள் இருக்க முடியாது, ஆகஸ்ட்.
போனில் ஹிலால்:
"யா ஜெனோவா, கம் தகீகா?"
பத்து நிமிடம் என்றேன்.
பத்து என்பது எண் அல்ல, மரியாதை.

தரவுத்தளம், கூப்பிட்டால் 'ம்' என்கிறது.
நினைவகம் பாதி காலி.
போர்ட்டில் வேறு யாரும் குடியேறவில்லை.
நேற்றைய கட்டமைப்புக் கோப்பையும் இன்றையதையும்
அருகருகே வைத்து, காற்புள்ளி விடாமல் பார்த்தாயிற்று.
மூன்று முறை நிறுத்தி, மூன்று முறை எழுப்பினேன்.
மூன்றாவது முறை சிலுவை போட்டுக்கொண்டேன்;
அது டிக்கெட்டில் இல்லை.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியது:
த்ரெட் டம்ப்.
முப்பத்தொரு இழைகள், தத்தம் இடத்தில்.
முதல் இழை மட்டும்
'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று கையெழுத்திட்டுவிட்டு
ஒரே கோப்பின் வாசலில் நிற்கிறது.
கையேந்திக்கொண்டு.

யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண் வேண்டுமாம் அதற்கு.
உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தரப்போகும் சாவிகளின்
முதல் விதை.
அதைத் தானே உண்டாக்கத் தெரியாது.
உலகத்தின் ஒழுங்கின்மையிலிருந்து
சில்லறை சில்லறையாகச் சேர்ப்பது வழக்கம்.
உண்டியலில் இப்போது பதினேழு பிட்.

போன வாரம் நான்தான்
சுற்றும் வட்டைக் கழற்றிவிட்டுச் சில்லு வட்டு மாட்டினேன்.
பழையது முனகும், திணறும்,
ஒவ்வொரு தேடலிலும் ஒரு மயிரிழை முன்னே பின்னே.
அந்த முன்னே பின்னேதான் இதற்குச் சோறு என்று
யார் கண்டது?
வேகம் நாலு மடங்கு என்று மின்னஞ்சல்கூட அனுப்பினேன்,
வரைபடத்தோடு.

மறுபடி ஹிலால். வலது காதில் போன்,
இடது கையில் மடிக்கணினி.
அறையைத் திறந்துவிட்ட காவலர் தேக் பகதூர்
விதிப்படி கதவருகே நின்றுகொண்டிருந்தார்.
ரேக்கில் தூசி படிந்த விசைப்பலகையைக் காட்டி
"எதையாவது அடியுங்கள்" என்றேன்.
"எதை, மேடம்?"
"எதையாவது."

எதையாவது என்றால் மனிதருக்கு வராது.
ஒற்றை விரல். தேடித் தேடி.
எந்த எழுத்து என்று அது பார்ப்பதில்லை பெரிதாக.
ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
விரல் தயங்கிய நேரம்,
அதன் கடைசித் துணுக்குவரை எண்ணி
உண்டியலில் போட்டுக்கொள்கிறது.
இருபத்தொன்று. முப்பது.
ஐம்பத்தாறு.

லாக் நகர்ந்தது,
ஏதோ வாய்தவறிச் சொன்னதுபோல ஒரு வரி,
பிறகு கொட்டியது.
வாயிலில் தடைக்கம்பு உயர்ந்ததைக்
காதால்தான் தெரிந்துகொண்டேன்:
அறுபது கியர்கள்.

கட்டமைப்பில் ஒரு வரி மாற்றினேன்.
இனி காத்திருக்காத வேறு ஊற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்.
சோதித்தேன்: நாலு விநாடி.
இனி யார் விரலும் தேவையில்லை.

"கெடுத்துவிட்டேனா மேடம்?"
இல்லை என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன்.
பயனர்பெயர் கேட்ட இடத்திலெல்லாம்
அஸ்மிதா.
அஸ்மிதா.
ஏழு முறை.
கடவுச்சொல் கேட்ட இடத்திலும் எதையோ அடித்திருக்கிறார்;
அது திரையில் தெரியாது.

காலையில் பாதுகாப்பு அறிக்கை வரும்,
முன்பின் தெரியாத அஸ்மிதா
ஏழு தடவை உள்ளே வர முயன்றதாக.
பதில் நான்தான் எழுத வேண்டும்.